கலர் அக்கா வளர்த்த பவளங்கள்

என் அண்ணி வேலை பார்த்த அச்சகத்தில் அவளுக்குக் கலர் அக்கா என்று பெயர். பிஸ்கட் பெட்டி, மருந்து அட்டை, சோப்பு உறை என்று எது அச்சாகி வந்தாலும் முதல் தாள் அவள் மேசைக்குத்தான் போகும். வெள்ளை விளக்கின் அடியில் அதை விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். "சிவப்பு தூக்கலா இருக்கு, கொஞ்சம் இறக்குங்க" என்பாள். மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாத் தாளும் ஒன்றாகத்தான் தெரியும். மிஷின்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறக்குவார். இறக்கிய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு முணுமுணுப்பு நின்றுவிடும்.

வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு லீவு கிடையாது. நான் ஆசை ஆசையாக வாங்கிய சோபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு கையும் ஒரே பச்சை இல்லையே, வேற வேற துணியில வெட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அந்த சோபாவில் நான் ஒருநாளும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

நாங்கள் கீழ்வீடு. மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற உயரமான கட்டடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பவளம் அவர்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு சண்டையால்தான். கடல்மீன் தொட்டிகளுக்கு உப்பு விற்கிற கடைக்காரர் ஒருவர், தன் உப்புப் பெட்டிக்குப் படம் அச்சடிக்க வந்தார். படத்தில் ஒரு பவளம். ஊதா உடம்பு, நுனியெல்லாம் பச்சை நெருப்பு. அண்ணி பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நிறம் உலகத்துல இல்லைங்க. கம்ப்யூட்டர்ல இழுத்துவிட்டிருக்காங்க" என்றாள். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடைக்கு வந்து நேர்ல பாருங்கம்மா. பொய்யா இருந்தா நான் தொழிலையே விட்டுடறேன்" என்றார். சாயங்காலமே போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பை, அதற்குள் கட்டைவிரல் நுனியளவுக்கு ஒரு துண்டு. வாசலிலேயே நின்று, "இருக்குடி! அந்த நிறம் நிஜமாவே இருக்கு!" என்று என்னிடம் கத்தினாள். நான் ஏதோ சொத்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டி வந்தது. அண்ணன் இரும்பில் தாங்கி அடித்துக் கொடுத்தான். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளந்து, அலை எழுப்பும் மோட்டார் வைத்து, நீல விளக்கு மாட்டி ஒரு துண்டுக் கடலை வீட்டுக்குள் உட்காரவைத்தார்கள். பவளத்தை நான் அதுவரை கல் என்றே நினைத்திருந்தேன். அண்ணிதான் காட்டினாள். அது உயிர். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி வாய் இருந்தது, வாயைச் சுற்றி முடியளவுக்கு விரல்கள். இரால் துகளைக் கரைத்துச் சொட்டுக்குழாயால் மேலே விட்டால் அத்தனை விரலும் நீண்டு வந்து பிடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை படம் எடுக்கும் நேரம். அப்போது யாரும் அந்தக் கூடத்தில் தும்மக்கூடக் கூடாது. கண்ணாடியை வழித்துத் துடைப்பாள், தண்ணீர் அசையாமல் நிற்க மோட்டாரை நிறுத்துவாள். நீல வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகப் பதியும் என்பதால் லென்ஸின்மேல் ஆரஞ்சு வடிகட்டியை மாட்டிக்கொள்வாள். கேமராவைக் கோணாமல் கண்ணாடிக்கு நேராக நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவாள். வாராவாரம் அதே பவளங்கள், அதே கோணம். பிறகு போன மாதத்துப் படத்தையும் இந்த மாதத்துப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிடுவாள்.

"வளர்ந்திருக்கு பாரு."

"எங்க அண்ணி? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"நுனியில. வெள்ளையா இருக்கே, அதுதான் புதுசு. உன் கண்ணைக் கொண்டுபோய் அடகு வச்சுட்டியா?"

பார்க்க வருகிறவர்கள் சிலர், பவளங்களை அவள் பிள்ளைகள் என்று சொல்லிவைப்பார்கள். அண்ணிக்கு அது பிடிக்காது. "பிள்ளைங்களா இருந்தா வாயைத் திறந்தா மூடாது. இதுங்க எத்தனை வாயைத் திறந்தாலும் ஒரு வார்த்தை பேசாது. அதுக்குத்தான் வச்சிருக்கேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

இப்படிப் பல வருடம் போயிற்று. அந்தத் துண்டு உள்ளங்கையாகி, உள்ளங்கை புதராகித் தொட்டியின் நடுவில் நின்றது. ஊதாக் கொம்பு என்றுதான் அதைச் சொல்வோம்.

பிறகு தொட்டி கெட ஆரம்பித்தது. முதலில் மணலின்மேல் சிவப்பாக ஒரு வழவழப்புப் பாசி. துடைத்தாள், மறுபடி வந்தது. ஊதாக் கொம்பு மங்கிப் பழுப்பானது. அண்ணி விளக்கை மாற்றினாள், உப்பை மாற்றினாள், தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினாள். கடைக்காரர் வந்து சோதித்துவிட்டு, "தண்ணியில கழிவு ஏறியிருக்கும்மா. சாப்பாடு அதிகமாப் போடறீங்களோ?" என்றார். அவளுக்கு வந்ததே கோபம். "எனக்கே பாடம் எடுக்கறீங்களா? உங்க உப்புலதான் ஏதோ கலப்படம்!" என்று வாசல்வரை துரத்திவிட்டாள். அவரை அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஊதாக் கொம்பு அடியிலிருந்து சதை உரிந்து வெறும் எலும்பாக நின்றது. அதையும் அவள் படம் எடுத்தாள்.

அந்தச் சமயத்தில் அண்ணன் வேலையில் கால் பிசகி, கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தான். ஒரு மதியம் போன் செய்தான். "கொஞ்சம் மேல வாயேன்." குரல் ஒருமாதிரி இருந்தது. போனால் அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் மெதுவாகச் சொன்னான். "காலையில தொட்டிக்குச் சாப்பாடு போட்டா. துணி காயப்போட்டுட்டு வந்து மறுபடி போட்டா. இப்பத்தான் போட்டியேம்மான்னேன். எங்க போட்டேன், பட்டினி கிடக்குதுங்கன்னு சொல்லிட்டு இன்னொரு தடவையும் போட்டா. விளையாடறாளோன்னு முகத்தைப் பார்த்தேன்." குளியலறைப் பக்கம் பார்த்துக்கொண்டான். "விளையாடல."

அச்சகத்தில் ஒரே தாளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தாளாம். அதுவும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஞாபகத்தைச் சோதிக்க அவர் அண்ணியிடம் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். எண்களையெல்லாம் ஒரே பக்கம் நெருக்கி வரைந்துவிட்டு, "பேனாவோட நீலம் நல்லா இல்ல டாக்டர்" என்றாள். நோயின் பெயரை டாக்டர் அண்ணனைத் தனியாக அழைத்துச் சொன்னார். இது குறைகிற நோய் இல்லை என்பதையும் சொன்னார். அண்ணன் அவளிடம், "ஒண்ணுமில்ல, வயசாகுது, கொஞ்சம் மறதி" என்று முடித்துவிட்டான்.

அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தான். காலையில் அவள் எழுவதற்கு முன்பே தொட்டிக்கு அளவாகச் சாப்பாடு போட்டுவிடுவான். அவள் எடுக்கிற பழுப்புப் பாட்டிலில் இரால் கரைசலுக்குப் பதிலாகத் தொட்டித் தண்ணீரையே நிரப்பி வைத்தான். அவள் எத்தனை முறை விட்டாலும் கெடுதல் இல்லை. பாசி குறைந்தது. மிச்சமிருந்த பவளங்கள் தெளிந்தன. அவளும் பாட்டிலும் கையுமாகத் தொட்டியைச் சுற்றி வந்தாள். பிழைத்துக்கொண்டோம் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் தொட்டிக்கு முன்னால் கூப்பிட்டாள். கையில் கேமரா.

"இதைப் பாருங்க." மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு பச்சைப் பவளத்தின் பழைய படத்தைக் காட்டினாள். மடிப்பின் ஓரமெல்லாம் விரல்கள் நீண்டிருந்தன. "இது முன்ன. சாப்பாடு பட்டதும் எடுத்தது." அடுத்த படத்தைத் தள்ளினாள். "இது இப்ப எடுத்தது. சாப்பாடு விட்டுட்டுத்தான் எடுத்தேன். ஒரு விரல்கூட வரல. வாயை இறுக்கி வச்சிருக்கு."

"தூக்கத்துல இருக்கும்" என்றான் அண்ணன்.

அவள் அவனைப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டாள்.

"வெறும் உப்புத் தண்ணி."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்றாள். பிறகு அவனிடம், "எதுக்குங்க?" என்றாள்.

"நீ போட்டதையே மறுபடி மறுபடி போடறம்மா. போட்டது உனக்கு நினைவுல நிக்கல. தண்ணி கெட்டுப்போகுது."

"நானா?"

"ஆமா."

அவள் தொட்டியை நோக்கித் திரும்பினாள். "அப்போ அந்தச் சிவப்புப் பாசி?" என்றாள். அண்ணன் ஆமாம் என்று தலையசைத்தான். "ஊதாக் கொம்பு?" என்றாள். அதற்கும் தலையசைத்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். "என் கையாலயே கொன்னுட்டேனே. அந்த மனுஷனை வேற திட்டி அனுப்பினேனே." அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான். அவனும் அழுதான்.

அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னார்? மழுப்பாம சொல்லுங்க. தப்பு இருந்தா முதல் தாள்லயே சொல்லணும். மொத்தமும் அடிச்சு முடிச்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

பவளங்களைக் கொடுத்துவிடுவது என்று அவளேதான் முடிவெடுத்தாள். "நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். "என்னையும் பாத்து, இதையும் பாத்து, வேலைக்கும் போவீங்களா? எது எதுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்னு எனக்கு நினைவு இருக்கும்போதே குடுத்துடணும்" என்றாள்.

கடைக்காரர் வந்தார். தொட்டி வளர்க்கிற இன்னும் சிலரையும் அழைத்துவந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே அண்ணி கைகூப்பினாள். "அன்னைக்கு உங்களைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." அவர் பதறிப்போய், "அய்யோ, பரவாயில்லம்மா" என்றார். அண்ணி முழங்கைவரை தண்ணீரில் கைவிட்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொடுத்தாள். "இதை மேல வச்சிடாதீங்க, வெளுத்துப்போகும். இதுக்குப் பக்கத்துல எதையும் வைக்காதீங்க, தேள் மாதிரி கொட்டும்." சொல்லிக்கொண்டே வந்தவள் கடைக்காரரைப் பார்த்ததும் மறுபடி கைகூப்பினாள். "அன்னைக்கு உங்களைக் கண்டபடி பேசிட்டேன்." அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு முதல்முறை கேட்பவர் போலவே, "அய்யோ, பரவாயில்லம்மா" என்றார். அன்று அவர் எத்தனை முறை அதைச் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. ஒருமுறைகூட அவர் குரலில் அலுப்பு இல்லை.

கொடுத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பாள். "எங்க இதுங்க?" அண்ணன் நடந்ததைச் சொல்வான். அவளுக்கு அது அப்போதுதான் நடந்த மாதிரி இருக்கும். "என்னைக் கேக்காம யாரு குடுத்தா?" என்று மாரில் அடித்துக்கொள்வாள். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. கேட்கமுடியாமல் நான் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அண்ணன் பதிலை மாற்றினான். "கடைக்காரர் வீட்டுல இருக்கும்மா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"விரல் நீட்டுதா?"

"நீட்டுது."

அதோடு சமாதானமாகிவிடுவாள். பொய் சொல்லக் கூடாது என்று அண்ணன் வேலை விட்டு வரும் வழியில் அவர் வீட்டுக்குப் போய், சாப்பாடு போடும்வரை நின்று, பவளங்கள் விரல் நீட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

அது பழைய கதை. இப்போது அண்ணி பேசுவது குறைந்துவிட்டது. என்னை யாரென்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தால் மட்டும் சில நேரம் கையை நீட்டுகிறாள். அவன் வேலையை விட்டுவிட்டு அவளோடேயே இருக்கிறான். தொட்டியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கட்டிலைப் போட்டிருக்கிறான்.

போன வாரம் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவளுக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, அண்ணன் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தான்.

"அது எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே, அப்ப எப்படா நிறுத்துவான்னு இருந்துச்சு" என்றான். "இப்ப ஒரு தடவை கேக்க மாட்டாளான்னு இருக்கு."

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.