கத்தி கழுத்தில் இருக்கும்போது

என் வீட்டுக்காரருக்கு ஆட்களைக் கழுத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு கை தூக்கினால் திருதிருவென்று முழிப்பார். நான் விலாவில் ஓர் இடி கொடுத்து, "ஆஸ்பத்திரியில பாத்தவரா இருக்கும், சிரிங்க" என்றால், "ஆமா, தாடைக்குக் கீழ சுழி இருக்குமே, அவரு" என்பார். அதற்குள் அந்த மனிதர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் சவரத் தொழிலாளி. தொண்டையிலோ கழுத்திலோ அறுவை செய்துகொள்ளப் போகிற ஆண்களுக்குத் தாடையிலிருந்து நெஞ்சுக்குழி வரை ஒரு முடி மிச்சமில்லாமல் வழித்து அனுப்ப வேண்டும். வெந்நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டு ஊறவிடுவார். நுரை போட்டு, இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, சவரக்கத்தியை முதலில் முடி படிந்த பக்கமாகவும் பிறகு எதிர்ப்பக்கமாகவும் ஓட்டுவார். குரல்வளை மேட்டுக்கு வந்ததும், "முழுங்கிக்குங்க, அப்படியே இருங்க" என்பார். அதைத் தவிர அவர் நோயாளியிடம் பேசுவது ஒன்றே ஒன்றுதான். "பேசக்கூடாது. கத்தி கழுத்துல இருக்கு."

அறுவைக்குப் போகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? வீட்டுக் கடன், மகளுடைய வரன், பொண்டாட்டியிடம் போட்ட சண்டை என்று எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் பொங்கி வரும். இவர் ஒரே வார்த்தையில் மூடி போட்டுவிடுவார்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒருவர் சவரத்தின்போது இவரிடம் மனசுவிட்டுப் பேசியிருக்கிறார். உள்ளே போனவர் திரும்பவில்லை. அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. அதற்குப் பிறகு முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கழுத்து மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார். ஆனால் மனசுக் கதவை ஆஸ்பத்திரியில் சாத்திவிட்டு வீட்டில் திறக்க அவருக்குத் தெரியவில்லை. எங்கள் மகன் மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது நான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன், இவர் "எலும்புதானே, சேந்துரும்" என்றார். கால் மரத்துப் போனால் உதறிவிடலாம். மனசு மரத்துப் போனால் எதைப் பிடித்து உதறுவது? கல்லுளிமங்கன் என்று நான் அவரை வாய்விட்டே திட்டுவேன். அதற்கும் "ம்" தான்.

அவருடைய அண்ணன் நேர் எதிர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். சந்தையில் அவருக்குப் பெயர் மைக்செட். நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும், திரும்ப மாட்டிக்கொண்டு போனபிறகும் தெருவில் கேட்கும். அப்பா அம்மா போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஏலம் முடிகிறவரை மூட்டைகளுக்கு நடுவில் தம்பியைப் படுக்கவைத்திருப்பாராம். "என் சத்தம் நின்னா முழிச்சுக்குவான். கத்திக்கிட்டே இருந்தா நல்லாத் தூங்குவான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஏலத்துக்கு இவன் லாயக்கில்லை, வாயைத் திறக்கமாட்டான் என்று சலூனில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே.

அந்தத் தொண்டைதான் கட்டிக்கொண்டது. சளி என்றார், தூசி என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்கு வெட்டியெடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், குரல் இருக்காது. மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை போடுவார்கள்.

டாக்டர் சொல்லச் சொல்ல மாமா தலையாட்டினார். வெளியே வந்ததும், "சரி, இருக்கிற சரக்கை ஏலம் விட்டுருவோம்" என்றார். அப்படித்தான் செய்தார். ஆஸ்பத்திரியில் சேர்கிறவரை, அந்தக் கரகரத்த குரலில் பழைய நண்பர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். திட்டவேண்டியவர்களை ஆசைதீரத் திட்டினார். பேத்தியை மடியில் போட்டுப் பாட்டுப் பாடினார், அது வீறிட்டது. சந்தைக்குப் போய் கடைசியாக ஒரு கூடைத் தக்காளியை ஏலம் விட்டுவிட்டு வந்தார்.

தம்பியிடம் மட்டும் எதுவும் பேசவில்லை. அறுவைக்கு முதல்நாள் சாயங்காலம் நான் பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டே விட்டேன்.

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலியா மாமா?"

"அவனுக்குக் கடைசியா வச்சிருக்கேன்மா. காலையில சவரம் பண்ண அவன்தானே வருவான்? அப்ப எங்கயும் எந்திரிச்சு ஓட முடியாதுல்ல. சொல்றேன்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் காலையில உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு இருக்கார். அதுக்கப்புறம் அவரால பேச முடியாதுங்க. காது கொடுத்துக் கேளுங்க."

"ம்" என்றார். கத்தியைத் துடைத்து உறையில் வைத்தார்.

காலையில் நானும் போனேன். படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். மாமா தலையணையில் சாய்ந்து, கழுத்தைத் தயாராக நீட்டிக்கொண்டு இருந்தார். இவர் துண்டை எடுத்தார், நுரை போட்டார், தோலை இழுத்துப் பிடித்தார். எந்தக் கழுத்துக்கும் செய்வது போலத்தான் செய்தார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய் தம்பி..."

"பேசக்கூடாது. கத்தி கழுத்துல இருக்கு."

யோசித்துச் சொன்னதல்ல. இத்தனை வருஷமாக எத்தனையோ கழுத்துகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது. மாமா கண்ணை அகல விரித்துத் தம்பியைப் பார்த்தார். இவர் பார்வை தாடைக்குக் கீழேயே இருந்தது.

"என்னங்க, அவரைப் பேச விடுங்க" என்றேன்.

"ஆடும். வெட்டிரும்."

வாழ்நாளில் யார் சொல்லியும் வாயை மூடாத மனிதர் அன்றைக்கு மூடிக்கொண்டார். தம்பியின் தொழிலுக்குக் கொடுத்த மரியாதையா, இல்லை சொல்லவந்தது அதற்குள் தொண்டையிலேயே அடைத்துவிட்டதா, எனக்குத் தெரியாது. கத்தி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நிதானமான சவரத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கத்தியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாமா என்றிருந்தது. குரல்வளைக்கு வந்ததும் இவர் வழக்கம்போல, "முழுங்கிக்க, அப்படியே இரு" என்றார். மாமா முழுங்கினார்.

கடைசி நுரையைத் துடைக்கும்போதே தள்ளுவண்டி வந்துவிட்டது. நேரமாச்சு, நேரமாச்சு என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள். மாமாவைப் படுக்கையிலிருந்து மாற்றிப் படுக்கவைத்து, திருப்பும்போது வண்டி சுவரில் மோதியது. "பாத்துத் தள்ளுப்பா, செவுத்துல இடிக்குது" என்றார் மாமா. அவ்வளவுதான். அந்தக் குரலின் கடைசி வார்த்தை முன்பின் தெரியாத வண்டிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. இவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் கை கழுவிவிட்டு இலைமுன் உட்கார்ந்தார். சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மாமா பிழைத்துக்கொண்டார். தையல் பிரித்தபிறகு, துளையைச் சுற்றி முடி வளர்ந்து அதில் செருகிய குழாயில் ஒட்டுகிறது, வழித்துவிடவேண்டும் என்று இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைக்கும் நான் கூட இருந்தேன். மாமா இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். துளை வழியாக மூச்சு புஸ் புஸ் என்று வந்து போனது. இவர் சோப்பு உள்ளே போகாமல் ஈரத்துணியால் மறைத்தார். தோலை இழுத்துப் பிடித்தார். கத்தியை வைத்தார்.

வைத்தவர் ஓட்டவில்லை. பிறகு கத்தியை மடக்கித் தட்டில் வைத்துவிட்டு, படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே. சொல்லு" என்றார்.

மாமா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தெரியும். சொல்லு" என்றார் இவர்.

மாமாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை இல்லை, நீளமாக. கையைத் தூக்கினார், எதையோ தூக்கிச் சுமப்பது போலக் காட்டினார், நடுவில் சிரித்தார், தம்பியின் நெஞ்சில் விரலால் குத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தார். புஸ் புஸ் என்ற மூச்சைத் தவிர ஒரு சத்தமில்லை. இவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டே இருந்தார். நுரை காய்ந்துபோனது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, திரைக்கு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "என்ன சொன்னார்?"

"தெரியல. ஒரு வார்த்தகூடப் புரியல."

"அப்புறம் எதுக்கு அத்தனை 'ம்' போட்டீங்க?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"புரியலன்னு சொன்னா நிறுத்திருவாருல்ல."