முலாம் போன முனைகள்

இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கனெக்டரின் பன்னிரண்டு முனைகளும் தெரிகின்றன. பச்சைக் களிம்பு பூத்து, குளத்தடியில் நெடுநாள் கிடந்தவை போல. பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த முதல் மழைக்காலம். வயர்களைச் சோதிக்கும் இயந்திரம் அடிக்கடி நின்றதால் அதன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவனே நான்தான். டிப்ளமோ படித்துவிட்டு யாரிடமும் சந்தேகம் கேட்கக் கூச்சம். உப்புத்தாளை மடித்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஜன்னலின் மழை வெளிச்சத்தில் அவை மினுங்க, பார்த்துக்கொண்டே நின்றேன்.

பத்தே நாளில் இயந்திரம் மறுபடி நின்றது. முன்னைவிட அடர்ந்த பச்சை. அப்போதுதான் அதனுடன் வந்த கையேட்டைப் புரட்டினேன். அவை தங்க முலாம் பூசியவை. கிளீனர் தெளித்து மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கலாம், தேய்க்கவே கூடாது; முலாம் போனால் அடியிலுள்ள செம்பு இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும்.

அந்த இயந்திரத்தை ஓட்டிய அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம் வைப்பார். சூப்பர்வைசர் சந்தனத் தண்ணீர் வழிந்த தடத்தைக் காட்டி, "நோடு, இங்க பாரு, இதுதானே காரணம்?" என்றார். தலையசைத்தேன். ஆபரேட்டரின் கவனக்குறைவால் ஈரம் இறங்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிக்கையும் எழுதினேன்.

"இன்னா தம்பி எழுதுன?" என்று அக்கா கேட்டார்.

"மெஷின் பழசாயிடுச்சுன்னு எழுதினேன்கா."

"நல்லதாப் போச்சு. கான்ட்ராக்ட்காரி பேரு பேப்பர்ல ஏறுனா அவ்ளோதான்."

மூன்று நாட்கள் தூக்கத்தில் நடப்பவன்போல் வேலைக்குப் போய் வந்தேன். மழைப்புகைக்குள் ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ் மிதந்து போனது. இறங்கும் இடம் வராமலே இருக்கட்டும் என்றிருந்தது. நான்காம் நாள் காலை சூப்பர்வைசர் அக்காவின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார்.

"சார், சந்தனம் இல்ல சார். நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். தப்பா எழுதிட்டேன்." குரல் வேறு யாருடையதோ போல் ஒலித்தது.

எனக்கு மெமோ வந்தது. அட்டை அக்காவிடம் திரும்பியது. அவருடைய அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "எங்கப்பா பூமிக்குள்ள எறங்கி எடுத்தத நீ உப்புத்தாள்ல தேச்சுட்டியாடா?" என்று அக்கா கேட்க, லைன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்றதுக்கு மூணு நாளாச்சா தம்பி?" என்றார்.

இன்று வேறு கம்பெனியில், எழுதியதை ஆபரேட்டருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன். அந்த அக்கா, நான் அங்கிருந்த இரண்டு வருடமும் என்னிடம் நன்றாகத்தான் பேசினார். ஆனால் என் அறிக்கை வந்தால் மட்டும் அதை வேறு யாரிடமாவது நீட்டி, "இதுல இன்னா கீது, படி" என்பார்.