விருந்துக்கு வந்த வாத்தியார்

என் தம்பிக்கு வாத்தியார் தேடி அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தேடினோம் என்றால்கூடப் பரவாயில்லை. அவன் கணக்கில் புலி. ஆனால் திக்குவாய். சாதாரணப் பேச்சையாவது எப்படியோ சமாளித்துவிடுவான். கேள்வி கேட்க வாயெடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. சந்தேகம் கேட்காமல் அந்தக் கணக்கெல்லாம் எப்படிப் பிடிபடும்?

திருநெல்வேலி டவுனில் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே பேர்போன டியூஷன் ஒன்று இருந்தது. சின்னக் கொட்டகைக்குள் கல்யாண வீட்டுக் கூட்டம். சந்தேகம் இருந்தால் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்பது அந்த மாஸ்டரின் சட்டம். தம்பி எழுந்து நின்றான். முதல் எழுத்திலேயே மூச்சு முட்டியது. பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். "உக்காருலே, நாளைக்குள்ளயாவது வந்துருமா?" என்றாராம் அந்த மனிதர். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. அதற்கப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர். தங்கமான அம்மா. இவன் வாயைத் திறப்பதற்குள் கேட்க வந்தது இதுதான் என்று அவராகவே முடிவுகட்டி, வேறு எதற்கோ பதில் சொல்லுவார். இவன் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு வருவான்.

என்னோடு வேலை பார்த்த பெண்ணின் அண்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன். தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று சொன்னதும், "இ-மெயில்ல கேக்கச் சொல்லு, நான் எழுதுதேன்" என்று சொல்லி அனுப்பினார். தம்பிக்குத் திக்கும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை.

ஜங்ஷனில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, பலகைத் தடுப்புக்குள் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்காருவோம். தம்பி தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் அடித்தான். அடித்தான் என்றால், அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினான். ஏன் அண்ணே, எப்படி அண்ணே, இப்படிச் செய்தால் என்ன அண்ணே. ஒருமுறை அவருக்கே, "மூணாவது வரி தப்பு, பாருங்க" என்று எழுதினான். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது: "ஆமாலே, நான்தான் தப்பு. இனி நீ எனக்குச் சொல்லிக் குடு." அதைப் படித்துவிட்டு அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அங்கே அவன் திக்கவே இல்லை.

எங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். முக்கூடலில் வயல் போய்விட்டாலும் அந்தக் காலத்துப் பவிசு போகவில்லை. "ஒரு மனுஷன் நம்ம பிள்ளைக்குச் சும்மா பாடம் சொல்லுதாரு. ஒரு நேரம் இலை போட்டுச் சோறு போட வேண்டாமா? வெறுங்கையோட பாடம் கேக்க வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது" என்றார்.

தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. "வே... வேண்டாம்ப்பா."

நானும் அப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "திக்குதது என்ன கொலைக் குத்தமா? அவரு என்ன மாப்பிள்ளை பாக்கவா வாராரு?" என்று அப்பா சிரித்தார். பிறகு தம்பி நோட்டில் இருந்த மெயில் முகவரியோடு எங்களுக்குத் தெரியாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே இருந்தவரை அடிக்கச் சொல்லி, அழைப்பும் அனுப்பிவிட்டார்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போகிற வழியில் அவர் வந்தார். அம்மா தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியுமாகக் கல்யாணச் சமையலே செய்திருந்தாள். "எங்கலே என் தப்பைக் கண்டுபிடிச்சவன்?" என்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தார். தம்பி முன்னால் போய் நின்றான். வாங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'வா'வில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் சொல்லியிருப்பான். அதற்குள் அப்பா, "அவனுக்குக் கொஞ்சம் திக்கும். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க தம்பி, உக்காருங்க" என்று இலையைக் காட்டினார்.

அவர் முகத்தில் இரக்கம் வந்ததை நான் பார்த்தேன். தம்பியும் பார்த்தான். சாப்பிடும்போது அவனிடம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். "நல்லா... படிக்கணும். என்ன?" காது கேளாதவனிடம் பேசுவது போல. அவன் தலையாட்டினான். அப்பா சந்தோஷமாக இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார்.

அடுத்த சனிக்கிழமை வந்த மெயிலில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இருந்தது. "அவசரமே இல்ல, பைய யோசி. நீ முயற்சி பண்ணுததே பெரிய விஷயம்" என்று எழுதியிருந்தார். தம்பி விடையை அடித்தான். கீழே 'நன்றி அண்ணே' என்று அடித்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அப்புறம் அவன் வரவே மறுத்துவிட்டான். நடந்ததை அவருக்கு எழுதினேன். தம்பிக்கு நீளமாக ஒரு பதில் போட்டார். அதில் மன்னிப்புதான் இருந்தது, கணக்கு இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்ல மனுஷர், என்ன செய்ய?

நுழைவுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அவன் போகவில்லை. இப்போது ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறான். யாரோடும் பேச வேண்டாத வேலை என்று அவனே தேடிக்கொண்டது.

இதெல்லாம் எதனால் என்று அப்பாவுக்குத் தெரியாது. சொன்னால் தாங்க மாட்டார். போன பொங்கலுக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்த வாத்தியார் தம்பி எவ்வளவு பிரியமா சாப்பிட்டாரு! அப்புறம் ஏம்ல உனக்கு எழுதாம போயிட்டாரு?" என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "அ... அ..." என்று ஆரம்பித்தான்.

"அவருக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும், அதானல?" என்று அப்பாவே முடித்துவிட்டார்.

தம்பி தலையாட்டினான்.