மழைக்குக் கழித்த நாலு றாத்தல்

முதலில் வந்தது சோர்வுதான். காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் கூட்டம்) நிற்கும்போதே கால் கடுக்கும். மாலையில் கூடையை இறக்கினால் முதுகு நிமிராது. தோட்டத்தில் யாருக்குத்தான் முதுகு நிமிர்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு இருமல் வந்தது. அதற்குப் பனியைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பதினொரு மணி வாக்கில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது ஓர் இருமல் வந்து, என் கைக்கு முன்னால் இருந்த தளிரில் சிவப்பாக ஏதோ தெறித்தது. வெற்றிலை போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தத் தளிரைக் கிள்ளிக் கீழே போட்டு மிதித்தேன். பக்கத்து நிரையில் நின்றவள் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

ஏழு வாரம் மறைத்தேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது மறைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் உங்களைத்தான் முதலில் திட்ட விரும்புகிறேன், ஏனென்றால் என்னைத் திட்ட அப்போது ஆள் இல்லை. அந்த ஏழு வாரமும் இரண்டு வயது நிறையாத என் மகள் செல்வி என்னோடு ஒரே கம்பளிக்குள் படுத்துப் பால் குடித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

என்னைப் பிடித்தவர் எஸ்தரக்கா. இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தார். அவரும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிறந்தவர்தான். பதினாறு வயதுவரை கொழுந்து எடுத்தவர். வெளிநாட்டுக் கிறிஸ்தவச் சபை ஒன்று அவரைப் படிக்க வைத்து, சம்பளமும் மருந்தும் கொடுத்து, எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு நோயாளிகளைத் தேடிப் போக விட்டிருந்தது. தோளில் ஒரு பை, காலில் ஆண்பிள்ளைச் சப்பாத்து, கையில் குடை. லயம் லயமாக வந்து, இருமுகிறவர்களின் காலைச் சளியைச் சின்னத் தகரப் பேணிகளில் வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் வாசலில் வந்து நின்றதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்து எலும்பைப் பார்த்தார்.

"எத்தன நாளா இருமுது, ராமாயி?"

"ரெண்டு நாளாத்தாங்க."

"ரெண்டு நாள்ல இப்புடியா எளைக்கும்? நெசத்தச் சொல்லு. நான் வேலைய மேப்பாக்குற கண்டாக்கையாகிட்ட சொல்ல வரல."

சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். ரயிலேறி அட்டனுக்குப் போய், அங்கிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்து, நெஞ்சைப் படம் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் காசம் (நுரையீரலை அரித்துக் குழியாக்கும் கிருமி நோய்). அந்தக் குழி ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும் என்றார்கள்.

என் கணவர் மாரிமுத்து அன்றைக்கே குழந்தையைத் தூக்கிப் பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறை) இருந்த தன் தங்கை காளியம்மாவிடம் கொடுத்தார். பாலை நிறுத்த வேண்டும், என் மூச்சு அவள்மேல் படக்கூடாது. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, நோயாளிக்குக் காற்று வேண்டும் என்று எஸ்தரக்கா சொன்னதால், இஸ்தோப்பில் (அறைக்கு முன்னால் உள்ள திறந்த தாழ்வாரம்) இருந்த விறகை அள்ளிவிட்டு எனக்கு அங்கே பலகை போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி பாலுக்கு அழுவாள். இந்தப் பக்கம் என் சட்டை நனையும். மூன்று நாளில் அவள் நிறுத்திவிட்டாள். எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஊசி மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து). அதோடு விழுங்க ஒரு பிடி மாத்திரை. மாத்திரை வயிற்றைப் பிரட்டும், கஞ்சியில்தான் இறங்கும். ஊசி காதைப் பிடிக்கும். இரண்டாம் மாதமே என் வலது காதில் ஒரு வண்டு ரீங்காரமிடத் தொடங்கியது. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"காது வேணுமா, புள்ள வேணுமா?" என்றார் எஸ்தரக்கா. பிறகு ஊசியை நிறுத்துவது பற்றி நான் கேட்கவில்லை.

லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஊசியோடு வேதத்தையும் ஏற்றிவிடுவார்கள், ராமாயி அடுத்த மாதம் மேரியம்மா ஆகிவிடுவாள் என்று கேலி செய்தார்கள். எஸ்தரக்கா ஊசி போடுமுன் ஒரு கணம் கண்ணை மூடுவது உண்மைதான். ஒருநாள் நானும் கேட்டுவிட்டேன்.

"நீ ஒன் மாரியம்மாளக் கும்புட்டுக்க. நான் என் ஆண்டவரக் கும்புட்டுக்கிறேன். ஊசி பொதுவா ஏறட்டும்" என்றார்.

சபையின் டாக்டரம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெள்ளைக்காரர். புத்தகத்தில் படித்த தமிழைப் புத்தகம் மாதிரியே பேசுவார். நோயாளியை வீட்டிலேயே வைத்து, உள்ளூர்ப் பெண்ணை நம்பி ஊசி போட வைப்பது அந்த நாளில் புதிது. அதனால் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. எடை ஏறினால் வீட்டில் இருக்கலாம். இறங்கினால் கீழ்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே விலா எலும்புகளை எடுத்து நுரையீரலைச் சுருங்க வைக்கும் அறுவை செய்வார்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எங்கள் மேல்லயத்திலிருந்து அப்படிப் போனவர் ஒருவர். அவர் போனதைப் பார்த்தோம், திரும்பி வந்தது தந்திதான்.

ஆக, என் பிள்ளையின் பக்கத்தில் நான் இருப்பதும் இல்லாததும் றாத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை) கணக்கில் வந்து நின்றது.

எடை பார்க்க எஸ்தரக்காவிடம் தராசு இல்லை. தோட்டத்தில் இருந்தது கொழுந்துத் தராசு ஒன்றுதான். கொழுந்து மடுவத்தின் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) உத்தரத்தில் அது தொங்கும். கொழுந்துச் சாக்கின் நாலு மூலையையும் கட்டிக் கொக்கியில் மாட்டி, அதற்குள் முழங்காலை மடக்கி நான் உட்காருவேன். தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் இருக்கும். அவர் எண்ணைச் சொல்வார், எஸ்தரக்கா எழுதிக்கொள்வார். பெண்கள் சுற்றி நின்று, "பாத்துத் தூக்குங்க, ராமாயியையும் லொறியில ஏத்திறப் போறாங்க" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தைப்பொங்கல் கழிந்து எழுபது றாத்தல். அடுத்து எழுபத்தொன்று. பிறகு எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. சித்திரை முடிந்து மழை பிடித்தது. எழுபத்து மூன்று என்றார் கணக்கப்பிள்ளை. அடுத்த மாதம் எழுபத்திரண்டு.

அந்த எண்ணைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. ஆனால் இறக்கினேன். வாந்தி வந்தால் வாயைக் கழுவிவிட்டு மறுபடி சாப்பிட்டேன். மாரிமுத்து தன் பங்கு முட்டையையும் என் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு முட்டை பிடிக்காது என்று பொய் சொன்னார். போக மாட்டேன் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

ஆடி மாதத்தில் டாக்டரம்மா வந்தபோது நல்ல மழை. மடுவத்திலேயே நின்று, எஸ்தரக்கா எடைக் கோடு வரைந்து வைத்திருந்த தாளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. சளியில் இன்னும் கொஞ்சம் கிருமி இருந்தது.

"எஸ்தர், ஊசி ஏதும் தவறியதா?"

"ஒரு நாளும் தவறலம்மா."

"அப்படியானால் இந்த மருந்து இவளிடம் வேலை செய்யவில்லை. கீழே அனுப்ப வேண்டும். வருந்துகிறேன், ராமாயி."

என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் கண்ணாடி வளையல். பொங்கலுக்கு முழங்கைவரை ஓடிய வளையல், இப்போது மணிக்கட்டைத் தாண்டவில்லை. சட்டையும் அக்குளில் பிடித்தது. இளைக்கிறவளுக்கு எப்படிச் சட்டை பிடிக்கும்?

அந்த நேரத்தில் பத்து மணிக் கொழுந்து வந்தது. பெண்கள் நனைந்த கூடைகளோடு வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை வழக்கம்போல் குரல் கொடுத்தார்: "இருவத்தாறு. தண்ணிக்கு நாலு போக, இருவத்திரண்டு." அடுத்தவளுக்கும் தண்ணிக்கு நாலு. அதற்கடுத்தவளுக்கும் அதுதான்.

பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. மழை நாளில் கொழுந்து நனைந்து கனக்கும் என்று சில றாத்தல் கழிப்பார்கள். மழை கூடினால் கழிவும் கூடும். ஆனால் அன்றைக்கு அது என் நல்ல காதில் வந்து விழுந்ததும் தராசைத் திரும்பிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா, ஒரு தடவ நீங்க அந்தச் சாக்குல உக்காருங்க" என்றேன்.

"நானா? எதற்கு?"

"ஒங்க எடை ஒங்களுக்குத் தெரியுமுல்ல?"

"தெரியும். நூற்றுப் பதினெட்டு."

"அப்ப உக்காருங்க. தராசு சரியான்னு பாப்போம்."

அவர் மழைக்கோட்டோடு சாக்குக்குள் ஏறிவிட்டார். ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மரியாதையாகச் சொன்னார்.

"நூத்தி இருவதுங்க, அம்மா."

"சாக்கு இரண்டு றாத்தல். சரியாக இருக்கிறது" என்றார் டாக்டரம்மா.

அடுத்து நான் ஏறினேன்.

"எழுவத்து நாலு" என்றார் கணக்கப்பிள்ளை.

நான் இறங்கவில்லை. "முள்ளு எதுல நிக்குதுங்க, ஐயா?"

"எம்பதுல."

"எம்பதுல நின்னா எழுவத்து நாலு எப்புடிங்க?"

"சாக்குக்கு ரெண்டு, மழத் தண்ணிக்கு நாலு. இது தெரியாதா ஒனக்கு? வழக்கந்தானே, புள்ள."

"டாக்டரம்மாவுக்குத் தண்ணி கழிக்கலீங்களே. அவுங்க கோட்டுதான் சொட்டுது. நான் குடையில வந்தவ."

கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்லர். என்னைக் கீழே அனுப்ப வேண்டும் என்று அவருக்கு என்ன இருக்கிறது? சாக்கில் தோட்டத்துப் பெண் ஏறினால் வாய் தானாகக் கழித்தது. வெள்ளைக்கார அம்மா ஏறினால் தானாகக் கழிக்காமல் இருந்தது. அதை அவரே அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எஸ்தரக்கா தாளைப் பிடித்தபடி நின்றார். "நானும் இதே மடுவத்துல நின்னவதானம்மா. அவரு சொன்னத எழுதுனேன். முள்ளப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லி அழுதார்.

எனக்கு மட்டும் தோன்றியதா? இரண்டு மாதம் வளையல் ஒன்றைச் சொன்னது, கணக்கப்பிள்ளை ஒன்றைச் சொன்னார். நான் கணக்கப்பிள்ளையை நம்பி, சாகப் போகிறேன் என்று முடிவு கட்டியிருந்தேன். உங்களுக்கும் தாளில் ஏதாவது எழுதுவார்கள். அது எப்படி எழுதப்பட்டது என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற மருத்துவர் இருக்கலாம். எனக்கு வாய்த்தவர் கோபிக்கவில்லை. கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, மழை மாதங்களின் கழிவைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு, தாளில் இருந்த பழைய எடைக்கோட்டின்மேல் பென்சிலால் புதுக் கோடு போட்டார். எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தெட்டு. கோடு மேலே போயிற்று.

"எஸ்தர், உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துக்கொள். இவள் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்தை அனுப்புவதுதான் நாங்கள், மருத்துவம் பார்ப்பது நீ" என்றார்.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை. அடுத்த முறையும் இல்லை. மாத்திரை மொத்தம் ஒன்றரை வருடம். சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். மறு வருடம், ஆள் ஏறி நிற்கிற தராசு ஒன்று கடல் தாண்டி வந்தது, எஸ்தரக்கா அதைத் தலையில் வைத்துத் தோட்டம் தோட்டமாகச் சுமந்தார். கொழுந்துக்குத் தண்ணி கழிப்பது மட்டும் நிற்கவில்லை. அது வேறு சண்டை, அதற்குத் தொழிற்சங்கம் வேண்டியிருந்தது.

கடைசித் தாளில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட அன்று, இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்றார்கள். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். செல்வி காளியம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ஒன்றரை வருடமாக, கிட்டே வராதே என்று அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். நல்ல பிள்ளை, நன்றாகப் படித்திருந்தாள். அன்றைக்கு அழுத அழுகையை நோயில்கூட நான் அழவில்லை.

அவளைக் கூப்பிடவில்லை. காத்திருந்தேன். நோய்க்குமுன் எனக்குத் தெரிந்த நேரமெல்லாம் தோட்டத்தின் நேரம்: பெரட்டு, பத்து மணிக் கொழுந்து, மாலை நிறுவை. படுக்கையில்தான் வேறு நேரம் ஒன்று பழகியது. அதை அவசரப்படுத்த முடியாது, ஒவ்வொரு மூச்சாக உள்ளே போய் வெளியே வரும். மேடு ஏறினால் இன்றும் வலது பக்கம் பிடிக்கிறது. நின்று, அது விடும்வரை பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் முந்திப் போகட்டும்.

நாலைந்து வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் வெயிலில் சாய்ந்திருந்தேன். செல்வி தானாக வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடியில் ஏறி, வலது மார்பில் காதை வைத்தாள். நான் அசையவில்லை.

"உள்ளுக்கு என்னா சத்தம்?" என்றாள்.

தழும்பான நுரையீரலில் காற்று போகும்போது காய்ந்த சருகை மிதிப்பதுபோல் ஒரு நொறுநொறுப்பு உண்டு. அது போகாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அது அம்மா மூச்சு விடுற சத்தம்."

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா விடு" என்றாள்.