தடுப்பின் இடைவெளியில் திரும்பியவர்

அம்மணி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவாள். சென்னையில், படுக்கையோடு கிடக்கும் ஒரு முதிய அம்மாளை உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. மற்ற நாட்களில் போனை எடுத்தால் அந்த வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனால் ஒரு புதன்கிழமை மதியம் அவள் அழைத்தபோது அவள் கணவர் விருத்தாசலம் பதறிப்போய், கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏங்க, திண்டிவனத்துல வண்டிய எங்க திருப்புனீங்க?"

"இன்னா?"

"ஃபைன் போட்டுருக்கான். எனக்கு மெசேஜ் வந்துருக்குது. திரும்பக்கூடாத எடத்துல திரும்புனீங்களாம்."

ஸ்கூட்டர் அவள் பெயரில் இருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் கொடுத்தபோது வாங்கியது. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வண்டிகளைப் பெரும்பாலும் கணவன்மார்தான் ஓட்டுகிறார்கள். வண்டிக் காகிதத்தில் உள்ள போன் எண்ணும் அவளுடையதுதான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கவனிக்கலம்மா" என்றார். அது பொய்.

கிளியனூரிலிருந்து தினமும் திண்டிவனம் வந்து, ஒரு கடையில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர் விருத்தாசலம். மகள் கலைப்பிரியாவின் நர்சிங் படிப்பு முடியும்வரை என்றுதான் அம்மணி சென்னைக்குப் போனாள். படிப்பு முடிந்து மகள் வேலைக்கும் போய்விட்டாள். அம்மணி திரும்பவில்லை. எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்க நினைப்பார். கேஸ் சிலிண்டர் வந்ததையும் குழாயில் தண்ணீர் வராததையும் சொல்லி முடித்துவிடுவார். சிறந்த கணவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அவள் வீட்டில் இருந்த காலத்தில், கேட்டதற்குப் பாதி நேரம் பதிலே சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மனிதன் பெரிதாக முயல்வதில்லை.

அன்று காலை, சாலையின் எதிர்ப்பக்கம் சென்னையிலிருந்து வரும் பேருந்துகள் நிற்கும் இடத்தில், ஒரு பெண் காலடியில் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டு, ஒரு தோளை மட்டும் சற்றே உயர்த்திய நிலை. அம்மணி அப்படித்தான் நிற்பாள். சாலை நடுவே இருந்த தடுப்பின் இடைவெளியில் அவர் வண்டியைத் திருப்பினார். அருகில் போனதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வேறு யாரோ.

மறுநாள் காவல் நிலையத்தில், இனியவன் என்ற காவலர், கேமராவில் பதிவான படத்தைத் திரையில் காட்டினார்.

"இது நீதானே?"

"நாந்தாங்க."

"அவ்ளோ பெரிய போர்டு வச்சுருக்குது. கண்ணு தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க. அந்தாண்ட என் பொண்டாட்டி நிக்கறமாரி இருந்துது."

இனியவன் சிரித்துவிட்டார். "பொண்டாட்டியப் பாத்துட்டுத் திரும்பி ஓடுனவன் எத்தினியோ பேரப் பாத்துருக்கேன்யா. நீ பாக்கறதுக்குத் திரும்புனேன்றியே! சரி, அவங்கதானா?"

"இல்லீங்க. அது மெட்ராஸ்ல வேலைல இருக்குது."

சிரிப்பு நின்றது. "விழுப்புரம் கோர்ட்டுல போயி இதச் சொல்லிப் பாக்கலாம். ஆனா கேக்கமாட்டாங்க. கட்டிட்டுப் போ."

கட்டினார். ஒருவன் திரும்பினானா இல்லையா என்பதற்கு மேல் சட்டத்துக்கு எதுவும் வேண்டியதில்லை. அது ஒருவிதத்தில் நல்லதுதான். காரணம் கேட்பது வீட்டார் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அம்மணி கேட்டாள்.

"மெசேஜ்ல வந்த போட்டோவப் பாத்தேன். வண்டில சாப்பாட்டுப் பையக் காணோமே. கடைலதான் துன்றீங்களா?"

"காலைல ஆக்க முடியல."

"அங்க எதுக்குத் திரும்புனீங்க? கடை அந்தாண்ட இல்லியே."

சிலிண்டரைப் பற்றிப் பேச வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நீ நிக்கறேன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் முதிய அம்மாள் இருமுவது கேட்டது.

"சொல்லாமயா வருவேன்?"

"எப்ப வர்ற?"

கேட்டேவிட்டார்.

"இந்தம்மா என் கையால குடுத்தாத்தான் சாப்புடுது. வேற யாரு குடுத்தாலும் துப்பிடுது. எப்படிங்க வுட்டுட்டு வர்றது?"

அந்த அம்மாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்பது பாவம். அவர் கேட்கவில்லை.

"சரி. பாத்துக்க."

"நீங்க இனிமே திரும்பறதுன்னா சுத்திக்கினே போங்க. ஆக்கி எடுத்துக்கினு போங்க."

திங்கட்கிழமை காலை, வண்டியின் கொக்கியில் தயிர்சோற்றுப் பை ஆடிக்கொண்டிருந்தது. தடுப்பின் இடைவெளியை விருத்தாசலம் நேராகக் கடந்து போனார். வெகுதூரம் தள்ளி, திரும்ப அனுமதி உள்ள இடத்தில் திரும்பி, சென்னைப் பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி மெதுவாக வந்தார். அவருடைய கடை அந்தப் பக்கத்தில் இல்லை.