மன்றத்தின் ஒரே உறுப்பினர்

என் மகளும் அவள் தோழிகளும் கல்லூரியில் ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு உட்கார இடமில்லாமல் ஆள் வந்ததாம். மூன்றாவது கூட்டத்துக்கு இவளும் இன்னும் இரண்டு பேரும் மட்டுமாம். சேர்க்கிறது எளிது, போகாமல் பிடித்து வைக்கிறதுதான் பாடு என்று சாயா குடிக்கும்போது அவள் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு மாணவர் மன்றத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கும் என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலத்தில், ஒரு மாணவர் மன்றத்தின் உறுப்பினர்கள் மொத்தமும் நான் ஒருவனாகவே இருந்திருக்கிறேன்.

அதைத் தொடங்கியது அக்கா. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. பாறசாலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓணத்துக்குப் பெரிய பையன்கள் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு எலுமிச்சங்காய் ஓட்டத்தோடு சரி. வருகிற ஓணத்துக்குப் பிள்ளைகளே போட்டி நடத்த வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. பெரியப்பாவின் ரப்பர் ஷீட் காயப்போடும் புரையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம். அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள் மட்டும். இல்லாவிட்டால் வேலைக்குப் போகும் பையன்கள் உள்ளே வந்து பந்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

முதல் ஞாயிறு அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியும் வைத்துக் கொடுத்தாள். புரை நிறைந்தது. அடுத்த ஞாயிறு மரச்சீனி மட்டும். பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பால் விடாத கட்டஞ்சாயா மட்டும் என்று தெரிந்ததும் வந்தவர்களும் எழுந்தார்கள். அக்கா அன்றே பதவி கொடுக்கத் தொடங்கினாள். பெரியப்பா மகன் தலைவர். புரைச் சாவி அவன் கையில் இருந்ததால் அதில் போட்டி இல்லை. பிறகு செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர். பந்தைத் தூக்கி வருகிறவன் பந்துச் செயலாளர். பாய் விரிக்கிற பெண் அரங்கச் செயலாளர். யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் வாசலைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஒரு பதவி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் போகவில்லை.

எனக்குப் பதவி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பதவி என்றால் எழுந்து நின்று பேச வேண்டும். அது என்னால் ஆகாது. கடைசியில் பார்த்தால் எல்லோரும் பொறுப்பாளர்கள், உறுப்பினர் நான் மட்டும். அத்தனை பேரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். நான் கையைத் தூக்கினால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"எலே மக்கா, நீதானாக்கும் எங்க பொதுஜனம்" என்பான் பெரியப்பா மகன்.

இரண்டாம் வகுப்புப் படித்த தங்கச்சியும் வந்து பாயோரத்தில் இருப்பாள். என்னையும் சேர் என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். இந்த ஓணம் கழியட்டும் என்று அக்கா சிரித்துக்கொண்டே தள்ளிப்போடுவாள்.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பா தென்னையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா பத்தாம் வகுப்புக்குப் போனாள், தங்கச்சி மூன்றாம் வகுப்புக்குப் போனாள், நான் அமரவிளையில் மாமாவின் சாயாக்கடைக்குப் போனேன். அழவில்லை. கிளாஸ் கழுவுகிற இடத்தில் யாரும் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மன்றத்துக்குப் போகலாம் என்பதை நினைத்துக்கொண்டே ஆறு நாளும் கழுவினேன்.

ஞாயிறு புரைக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பந்துச் செயலாளர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் இப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போவல்லல்லா?" என்று கேட்டான். அவன் பொல்லாதவன் இல்லை. சட்டம் அப்படி. அக்கா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்து, அடுக்களையில் விறகுக்குப் பின்னால் இருந்துகொண்டேன். சாயாக்கடைக்குப் போன அன்று வராத அழுகை அங்கே வந்தது.

அதற்குப் பிறகு புரையில் நடந்ததைத் தங்கச்சிதான் சொன்னாள். கூட்டத்தைத் தொடங்கலாம் என்று தலைவர் எழுந்தானாம். அக்கா கேட்டாளாம்:

"அவன் இல்லேண்ணா நீ ஆருக்குடே தலைவர்?"

யாராவது ஒருவர் பதவியை விட்டு உறுப்பினராக இறங்கலாம் என்றாள். பந்துச் செயலாளர் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அரங்கச் செயலாளர் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். அப்படியானால் சட்டத்தை மாற்றுவோம் என்றான் தலைவர். மாற்றத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கை தூக்க உறுப்பினர் வேண்டும். உறுப்பினரோ விறகுக்குப் பின்னால் இருந்தான்.

மன்றமே திரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. "வா மக்கா, கை தூக்க ஆளில்ல" என்றான் தலைவர். போனேன். படிப்பு நின்றாலும் உறுப்பினர் நீடிக்கலாம் என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். ஏகமனதாக நிறைவேறியது. நான் இல்லாமல் இவர்களுக்கு ஒன்றும் ஓடாது என்ற எண்ணத்தில் என் நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கச்சி மறுபடியும் கேட்டாள். "எக்கா, நான் மூணாம் கிளாஸாக்கும். இனியாவது என்னைச் சேத்துக்கோ."

ஒருநாளும் கடிந்து பேசாத அக்கா அன்று கடிந்தாள். "உனக்கு இடமில்ல. உறுப்பினருக்கு இவன் ஒருத்தன் போதும். வாய மூடிட்டு மிண்டாம வா."

சின்னவள் விம்மத் தொடங்கினாள். எனக்குப் பாவமாக இருந்தது. அவளும் படிக்கிற பிள்ளைதானே, இவ்வளவு ஆசைப்படுகிறாளே, சேர்த்தால் என்ன என்று நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். இதற்குப் போய் அக்கா ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை. அவள் என் பிடரியில் கையை வைத்து, என்னை முன்னால் நடத்திக்கொண்டு வந்தாள்.