கார்டிங் ஷெட்டில் எனக்கு வைத்த பெயர்

காரைக்காலில் நான் ஃபிட்டராக இருந்த நூல் மில்லில், ஒரு கேட் மீட்டிங்கில்தான் எனக்கு அந்தப் பெயர் விழுந்தது. எழுபதுகளின் கடைசி. ஸ்டிரைக் வேண்டுமா என்று சங்கத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுந்து சொன்னவன் நான் ஒருத்தன்தான். உட்கார்ந்து பேசினால் முதலாளி இறங்கி வருவார், கொடியோடு போனால் கேட்டைப் பூட்டுவார் என்றேன். இன்றைக்கும் என் கருத்து அதுதான். யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, எனக்குக் கவலையில்லை.

சங்கச் செயலாளர் செல்வராசு பஞ்சைச் சிக்கெடுக்கிற எங்கள் கார்டிங் ஷெட்டில் மெஷின் ஓட்டுகிறவர். மைக்கை வாங்கினார்.

“தோழர்களே, இந்தப் பிற்போக்குவாதிய நல்லாப் பாத்துக்குங்க. பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போகக் கூடாதுன்னு அந்தக் காலத்துல கொடி பிடிச்சவரு இவங்க அப்பா.”

அப்பா கொடி பிடித்தது உண்மை. அதற்கு நான் என்ன செய்ய? சாயங்காலத்துக்குள் பெயர்கள் பெருகிவிட்டன. பத்தாம்பசலி, முதலாளி வால், கருங்காலி. மற்றதெல்லாம் போகட்டும், கருங்காலி என்றதுதான் பொறுக்கவில்லை. ஸ்டிரைக் முடிகிற வரைக்கும் நானும் எல்லாரோடும் கேட்டுக்கு வெளியேதான் நின்றேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் பெயர் போகவில்லை. அது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கார்டிங் ஷெட்டில் மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மெஷினை நிறுத்துவார்கள். ஃபிட்டர் பின்பக்கம் போவதற்கு முன்னால் கையைத் தூக்குவான். மெஷின்காரனும் பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டும். உன்னைப் பார்த்துவிட்டேன், நீ வெளியே வருகிற வரைக்கும் சுவிட்சைத் தொட மாட்டேன் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பதில் கை நின்றுபோனது. நான் தூக்குவேன், அவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மாரிமுத்து ஒருத்தன்தான் என்னோடு பழையபடி இருந்தான். தருமபுரத்துக்காரன், அவனும் ஃபிட்டர். எந்தக் கட்சிக்கு எந்தக் கொடி என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. என்னோடு டீ குடித்தான், அவ்வளவுதான். அவனுக்கும் சின்னப் பிற்போக்கு என்று பெயர் விழுந்தது, பதில் கையும் நின்றது. மேஸ்திரியிடம் முறையிட்டேன். உங்கள் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், மெஷின் நிற்கக் கூடாது என்றார். அப்புறம் நாங்கள் கையைத் தூக்கிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போகப் பழகிவிட்டோம்.

அன்று செல்வராசுவின் மெஷினில் பஞ்சு சுற்றிக்கொண்டது. ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்து கையைத் தூக்கினான். செல்வராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். மாரிமுத்து பின்பக்கம் குனிந்தான். செல்வராசு திரும்பி வந்தார், முன்னால் யாருமில்லை, சுவிட்சைப் போட்டார். கத்திக்கொண்டே ஓடினேன். யாருக்குக் கேட்கும்?

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. செல்வராசு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை.

விசாரணை வைத்தார்கள். மாரிமுத்துவின் கவனக்குறைவு என்று முடிந்துவிட்டால் அவனுக்கு மில்லில் வேறு வேலை கிடைக்காது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதலாளி ஆள் சங்கத்தின் மேல் பழி போடுகிறான் என்றது சங்கம். மேஸ்திரியிடம் முறையிட்டும் அவர் கேட்கவில்லை என்று நான் சேர்த்துச் சொன்னது மேனேஜருக்கு ஆகவில்லை.

“நீங்க நம்ம ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றார்.

இரண்டு பக்கமும் சேர்ந்து கவனக்குறைவு என்றே முடித்தார்கள். ஸ்டிரைக்கின்போது ஒரு வார்த்தைக்கு ஒத்துவராதவர்கள் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிமுத்து கேட்டுக்கொண்டான். “அண்ணே, பிற்போக்குன்னா என்னண்ணே?” என்றான்.

இருக்கிறது இருந்தபடியே இருக்கட்டும் என்று நினைப்பவனை அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “அப்படின்னா நான் அதுதாண்ணே” என்றான்.



பிற்பாடு என்னிடம் வேலை பழக வந்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. என்னை முதலாளி வால் என்றவர்களும் உண்டு. யாரையும் என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் திட்டிக்கொள், ஆனால் அவன் கையைத் தூக்கினால் நீயும் தூக்கு. அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.